வாசகர் கேள்வி பதில்: மானியில் வோல்ற்று உண்டு, குமிழில் ஒளி இல்லை

கேள்வி: எங்கள் மின்சூள் அடியோடு ஒளிரவில்லை. அதன் இரு மின்கலங்களையும் வெளியே எடுத்து மல்ரிமீற்றரால் அளந்தால் ஒவ்வொன்றும் 1.4 வோல்ற்று காட்டுகின்றது. குமிழ் வேறொரு மின்சூளில் நன்றாக ஒளிர்கின்றது. கோளாறு எங்கே?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: தாங்கள் பெற்ற அளவீடு பிழையன்று, ஆனால் அது மின்கலம் வேலை ஏதும் செய்யாதிருக்கும்போது காட்டும் அளவு. இலக்கமுறை மல்ரிமீற்றரின் தடை பெரும்பாலும் 10 மெகா ஓம் அளவில் இருப்பதால், அளக்கும்போது மின்கலத்திலிருந்து ஒரு மைக்ரோ அம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே செல்கின்றது. அதனைத் தேய்ந்த மின்கலமும் சிரமமின்றித் தந்துவிடும். மின்சூளின் இழைக் குமிழுக்கோ ஏறத்தாழ 0.3 அம்பியர் வேண்டும். தேய்ந்த மின்கலம் ஒவ்வொன்றின் அகத்தடையும் 4 ஓம் என்றும், ஒளிரும் குமிழின் தடை 8 ஓம் என்றும் கொண்டால், மொத்தமுள்ள 2.8 வோல்ற்றில் சரிபாதி மின்கலங்களுக்குள்ளேயே போய்விடும்.

ஆயினும் அந்த நிலையிலும் இழை மங்கலாகவேனும் சிவக்க வேண்டும். சற்றும் ஒளிராததால், மின்கலங்களைக் காட்டிலும் இணைப்புகளின் மீதே எனக்கு ஐயம். மின்கலங்களைத் தொடராக வைத்து, வயர்த் துண்டுகளால் குமிழை நேரடியாக இணைத்து, குமிழின் இரு முனைகளுக்கும் குறுக்கே அளந்து பாருங்கள். 2.4 வோல்ற்றுக்கு மேல் நின்று குமிழும் பளிச்சென ஒளிர்ந்தால் மின்கலங்கள் நல்லவை. அடுத்து, அவற்றை மின்சூளினுள் இட்டு, ஆளியைப் போட்டபடி, எட்டக்கூடியதாயின் ஆளியின் இரு முனைகளுக்கும் இடையில் அளவுங்கள். சீரான ஆளி பூச்சியத்துக்கு மிக அருகில் காட்டும், அங்கே 2.8 வோல்ற்று நின்றால் வழி அறுந்த இடம் அதுவே. அங்கும் ஒன்றும் காட்டாவிட்டால் அடிமூடியின் சுருள்வில்லைப் பாருங்கள். கடற்காற்று வீசும் நம் ஊரில் அந்த வில் துருவேறுவது புதுமையன்று. அரத்தாளால் தேய்த்தாலே பெரும்பாலும் போதும்.

கேள்வி: மின்கலங்கள் இரண்டு, குமிழ், வோல்ற்றுமானி அனைத்தையும் தொடராக இணைத்தேன். குமிழ் ஒளிரவில்லை, மானி 3 வோல்ற்று காட்டியது. மானி பழுதா?
– மாணவர், கிண்ணியா

பதில்: இல்லை. மானியின் பெருந்தடை மின்னோட்டத்தை மறித்ததால் குமிழுக்கு எதுவும் எஞ்சவில்லை. வோல்ற்று முழுவதும் மானிக்குக் குறுக்கே விழுந்தது. குமிழுக்குச் சமாந்தரமாக மானியை இணையுங்கள். மல்ரிமீற்றராயின், சிவப்பு வயர் அம்பியர்த் துளையில் இருக்கின்றதா என முதலில் பாருங்கள்; அத்துளையின் தடை மிகக் குறைவு என்பதால் மின்கலம் குறுஞ்சுற்றாகி, மானியின் உருகியும் எரிந்துபோகக்கூடும். இப்பயிற்சியை மின்கலங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; வீட்டின் 230 வோல்ற்று மின்னில் வேண்டாம்.