பெட்ரோல் டேங்கரில் 24-12 வோல்ட் கன்வெர்ட்டர்: வால்வுப் பெட்டிக்குள் வேண்டாம்

வணக்கம். பின்பக்கக் கேமராவுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் 24 வோல்ட்டை 12 ஆக்க ஒரு கன்வெர்ட்டர் வாங்கியிருக்கிறீர்கள், ஐபி67 போட்டிருப்பதால் பின்னால் பெட்ரோல் இறக்கும் வால்வுகள் இருக்கும் பெட்டிக்குள்ளேயே மாட்டலாமா என்கிறீர்கள். மாட்டாதீர்கள். ஐபி67 என்றால் தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது, அவ்வளவுதான். வெடிக்கும் ஆவி இருக்கும் இடத்துக்கு எக்ஸ் (Ex) குறியீடு, அதாவது அங்கே பற்றவைக்காதபடி செய்யப்பட்டது என்ற குறியீடு, உள்ள பொருள் வேண்டும், நம் நாட்டில் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அமைப்பான பெசோவின் (PESO) ஒப்புதலும் வேண்டும்.

"24 வோல்ட்தானே, ஷாக்கே அடிக்காது" என்று எலெக்ட்ரீஷியன் சொன்னாராம். ஷாக் வேறு, தீப்பொறி வேறு! பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள ஒரு மில்லிஜூலில் கால் பங்கு ஆற்றல் போதும். கன்வெர்ட்டருக்குள் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருந்தால் 24 வோல்ட்டில் அதில் தேங்கி நிற்பது 288 மில்லிஜூல், அதாவது ஆயிரம் மடங்குக்கு மேல், அதுவும் சுவிட்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். ஆவி வேறு காற்றைவிடக் கனம், வால்வுப் பெட்டி மாதிரி தாழ்வான இடத்தில்தான் போய்த் தங்கும்.

கேபினுக்குள் டேஷ்போர்டு பக்கம் வையுங்கள், ஃபியூஸோடு, பேட்டரியை மொத்தமாகத் துண்டிக்கும் மாஸ்டர் சுவிட்சைத் தாண்டி வரும் லைனில். ஜிபிஎஸ் நிற்கக் கூடாதென்று பலரும் பேட்டரியிலிருந்தே நேராக இழுத்துவிடுகிறார்கள், அப்புறம் பெட்ரோல் ஏற்றும் டெப்போவில் மாஸ்டரை அணைத்தாலும் அந்த ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

சரி, பின்னால் ஆவி வரும் பக்கமே இருக்கப்போகும் அந்தக் கேமராவுக்கு எக்ஸ் சான்றிதழ் இருக்கிறதா? இல்லையென்றால் கன்வெர்ட்டரை எங்கே வைத்தும் பயனில்லை. லேபிளைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.