பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்? நீலகிரி மாணவர்களின் கேள்விகள்

அண்ணன் வைத்திருந்த லேப்டாப்தான் இப்போது எனக்கு. 4 ஜிபி ராம், விண்டோஸ் 11 ஏறாதாம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறேன், எதைப் போடலாம்?
– மாணவி, கோத்தகிரி

லினக்ஸ் மின்ட் போடுங்கள் (விண்டோஸுக்குப் பதில் போடக்கூடிய இலவச ஓஎஸ் லினக்ஸ், அதில் ஒரு வகை மின்ட்), அதிலும் பழைய லேப்டாப்புக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது உண்மைதான், அதற்காக ஓடுகிற லேப்டாப்பை மூலையில் போட வேண்டாம். சி, ஜாவா, பைத்தான், மைஎஸ்கியூஎல் எல்லாம் இதில் நன்றாக ஓடும். ப்ரௌசரில் இருபது டேப் திறந்தால் மட்டும் திணறும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும், உங்கள் படிப்பே முடிந்துவிடும்.

உடனே இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். மின்ட் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைல் கிட்டத்தட்ட 3 ஜிபி இருக்கும், நல்ல நெட் கிடைக்கும் இடத்தில் இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே பூட் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே மின்ட் திறக்கும். அப்புறம் ஒரு பாட்டு போட்டுப் பாருங்கள், கேமராவைத் திறங்கள், வெளிச்சத்தைக் கூட்டிக் குறையுங்கள், மூடியை மூடிவிட்டு ஒரு நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். வைஃபை மட்டும் காணவில்லை என்றால் பயப்பட வேண்டாம்: போனைக் கேபிளில் மாட்டி யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்து, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பல நேரம் வேண்டிய டிரைவரை அதுவே காட்டும்.

சீனியர்கள் எல்லோரும் ஆர்ச் லினக்ஸ் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– மாணவர், கூடலூர்

இப்போது வேண்டாம் தம்பி. ஆர்ச் நல்லதுதான், ஆனால் அதற்கு அப்டேட் வந்துகொண்டே இருக்கும், மாதக்கணக்கில் விட்டுவிட்டு ஒரே நாளில் ஏற்றினால் சிக்கல் வரலாம். சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று வந்து போகும் ஊரில் அது சரிப்படாது. ஃபெடோரா என்கிற இன்னொரு லினக்ஸிலும் ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு. டெபியன் அல்லது உபுண்டு 24.04 எல்டிஎஸ் (நீண்ட காலம் அப்டேட் வரும் பதிப்பு) போடுங்கள், ஆர்ச்சை ஒரு விர்ச்சுவல் மெஷினில், அதாவது லேப்டாப்புக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில், கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்று, கரண்ட். போன ஆடி மழையில் அப்டேட் பாதியில் ஓடும்போது கரண்ட் போய், பேட்டரி செத்திருந்த என் லேப்டாப்பும் அணைந்து, மறுபடி திறக்கவே இல்லை. பென் டிரைவில் பூட் செய்து, சிஸ்டத்தின் நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளில் முந்தின நாள் எடுத்து வைத்த நிலைக்குத் திருப்பினேன், அரை மணியில் சரியாகிவிட்டது. யார் எந்த லினக்ஸ் போட்டாலும் முதல் நாளே டைம்ஷிஃப்டை (இல்லையென்றால் ஏற்றி) ஆன் செய்யுங்கள்.

ஆன்லைன் தேர்வு விண்டோஸில்தான் எழுத வேண்டும் என்கிறது கல்லூரி. இரண்டையும் வைக்கலாமா?
– மாணவி, குன்னூர்

தாராளமாக. ஃபைல்களை வேறு டிஸ்கில் பிரதி எடுங்கள், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதுங்கள், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள், விண்டோஸுக்குள்ளிருந்தே அதன் பார்ட்டிஷனைச் சுருக்கி லினக்ஸுக்கு இடம் விடுங்கள். சாலிட்வொர்க்ஸ், ஆட்டோகேட் தேவைப்படும் துறை என்றாலும் விண்டோஸை அழிக்காதீர்கள்.

தமிழ் எம்.ஏ. படிக்கிறேன். லினக்ஸில் தமிழ்99 வருமா?
– மாணவர், ஊட்டி

வரும். தட்டச்சுக்கு உதவும் ஐபஸ், எம்17என் என்ற மென்பொருள்கள் இரண்டையும் ஏற்றிவிட்டு, இன்புட் பட்டியலில் தமிழ்99-ஐச் சேர்த்தால் போதும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல்கள் லிப்ரேஆஃபிஸில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால், எழுத்துரு இல்லை என்று அர்த்தம். அதை ஏற்றிப் படியுங்கள், ஆய்வேட்டில் சேர்க்கும் முன் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.