டாஷ்போர்டுக்குள் ஏபிஐ சர்வர்: கடிதங்களும் பதில்களும்

பாளையங்கோட்டை வாசகர்: அண்ணாச்சி, டாஷ்போர்டு என் கம்ப்யூட்டரில் திறக்குது, அதே வைஃபையில் இருக்கிற போனில் திறக்கலை.

டாஷ்போர்டு என்பது அளவுகளைக் காட்டும் திரைப்பக்கம், ஏபிஐ என்பது அது சர்வரிடம் தரவு கேட்டு வாங்கும் வழி. அந்தச் சர்வரை நீங்கள் 127.0.0.1-ல், அதாவது மெஷின் தன்னையே அழைக்கும் முகவரியில், ஓட்டுகிறீர்கள். அது அந்த மெஷினைத் தவிர வேறு யாருக்கும் பதில் சொல்லாது. ரூட்டர் கொடுத்திருக்கும் முகவரியைப் போடுங்கள் (பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும்), அது மாறாதபடி ரூட்டரிலேயே நிரந்தரமாக்குங்கள், ஃபயர்வாலில் (வேண்டாத தொடர்பைத் தடுக்கும் காவல்) சர்வர் கேட்கும் போர்ட்டை (மெஷினின் வாசல் எண்) உள்வலைக்கு மட்டும் விடுங்கள். எங்கேயோ பார்த்துவிட்டு 0.0.0.0 போட வேண்டாம். மெஷினில் இருக்கிற எல்லா நெட்வொர்க்கிலும் அது கேட்கும், நீங்கள் செருகியிருக்கும் 4ஜி டாங்கிள் உட்பட.

அம்பாசமுத்திரம், அரிசி ஆலை: ஏபிஐ வேலை செய்யலை. என்ன செய்ய?

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல? 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் அந்த முகவரியில், அந்தப் போர்ட்டில் சர்வர் ஓடவில்லை. வெகுநேரம் சுற்றி 'டைம் அவுட்' ஆனால் பெரும்பாலும் ஃபயர்வால். 404 என்றால் சர்வர் இருக்கிறது, பாதை தப்பு. 500 என்றால் உங்கள் ப்ரோகிராம் விழுந்திருக்கிறது, அதன் பிழைப் பதிவேட்டை (லாக்) பாருங்கள். பிழைச் செய்தியை அப்படியே எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.

பணகுடி, காற்றாலைப் பராமரிப்பு: மீட்டரை மாட்பஸ் (கருவிகளோடு பேசும் முறை) வழியாகப் படிக்கிறோம். ஒருவர் பார்த்தால் நன்றாக இருக்கிறது, நான்கைந்து பேர் திறந்தால் மதிப்பே வருவதில்லை.

ஒவ்வொரு பிரவுசர் கேட்கும்போதும் ஏபிஐ நேரே மீட்டரிடம் போகிறது, அதுதான் கோளாறு. மீட்டருக்குப் போகும் ஆர்எஸ்-485 லைனில் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் போக முடியும், விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் மற்ற கேள்விகள் வரிசையில் காத்துக் கிடந்து டைம் அவுட் ஆகும். மீட்டரைப் படிக்கும் வேலையைத் தனி த்ரெட்டில் (ப்ரோகிராமுக்குள் தனியே ஓடும் வேலை) விட்டு, ஐந்து விநாடிக்கு ஒருமுறை படித்து, கடைசி மதிப்பையும் படித்த நேரத்தையும் மெமரியில் வையுங்கள். ஏபிஐ அதை எடுத்துக் கொடுத்தால் போதும். அந்த நேரம் திரையில் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஆடிக் காற்றில் லைன் அறுந்து கிடக்கும்போதும் பழைய யூனிட்டையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

களக்காடு, வாழை விவசாயி: பம்ப்செட் டாஷ்போர்டிலேயே மோட்டாரை ஆன், ஆஃப் செய்ய இரண்டு லிங்க் வைத்திருக்கிறேன். மகன் சென்னையிலிருந்து பார்க்க ரூட்டரில் 8080-ஐத் திறந்துவிட்டேன். பாஸ்வேர்ட் இல்லை, வீட்டாட்கள்தானே. சரிதானா?

சரியே இல்லை. மற்றதைப் பிறகு படிக்கலாம், முதலில் போய் அந்தப் போர்ட்டை மூடிவிட்டு வாருங்கள்.

நம்ம தோட்டத்து முகவரி யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. நல்ல லைன் இருந்தால் ஒரே மெஷின் ஒரு மணி நேரத்துக்குள் அத்தனையிலும் ஒரு போர்ட்டைத் தட்டிப் பார்த்துவிடும். ஷோடான் மாதிரித் தளங்கள் இதைத்தான் நாள் முழுக்கச் செய்து பட்டியல் போடுகின்றன.

அடுத்து அந்த லிங்க். பிரவுசரில் தட்டினால் மோட்டார் ஓடுகிறது என்றால் அது கெட் கோரிக்கை, பக்கத்தைப் பார்க்க மட்டுமே கேட்கும் வகை. அதை மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், முன்னோட்டம் காட்டுவதற்காக உங்கள் போனே அந்த முகவரியை ஒருமுறை எடுத்துப் பார்க்கும், யாரும் தொடாமலே மோட்டார் கிளம்பும். அந்த நேரம் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வயரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றால்? எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டேன்: கண்காணிக்கிற சர்வர் பார்க்கட்டும், எதையும் இயக்க வேண்டாம். இயக்கியே ஆக வேண்டுமென்றால் அதற்குத் தனி ப்ரோகிராம், போஸ்ட் கோரிக்கை (மாற்றம் செய்யக் கேட்கும் வகை), டோக்கன் (ரகசிய அடையாளக் குறி) மூன்றும் வேண்டும். ஓவர்லோடு ரிலேயும் டிரை ரன் தடுப்பும் (தண்ணீர் இல்லாமல் ஓடுவதை நிறுத்துவது) பேனலிலேயே இருக்க வேண்டும், சாஃப்ட்வேரை நம்பி அவற்றைக் கழற்றாதீர்கள். பெட்டியில் கை வைப்பவர் மெயினை அணைத்து, ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்ளட்டும்.

மகன் பார்ப்பதற்கு வயர்கார்டு (இரு மெஷின்களுக்கு இடையே பாதுகாப்பான தனிப் பாதை போடும் மென்பொருள்) போதும். ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127-க்குள் இருந்தால், இணைய நிறுவனத்தார் ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், வெளியிலிருந்து நேராக வர முடியாது. அப்போது வாடகை சர்வர் ஒன்றை எடுத்து, தோட்டத்து மெஷினே அங்கே போய்ச் சேரும்படி வையுங்கள்.

திசையன்விளை: கரண்ட் போய் வந்தால் வரைபடத்தில் நேரம் பின்னால் போகிறது. கம்ப்யூட்டர் ராஸ்பெர்ரி பை 4.

அதில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. நெட் வரும்வரை கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து ஓடும். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் போடுங்கள், சில நூறு ரூபாய்தான். தரவை யுடிசி-யில் (உலகப் பொது நேரம்) சேமித்து, இந்திய நேரத்துக்கான ஐந்தரை மணி நேரத்தைத் திரையில் மட்டும் கூட்டுங்கள்.

மேலப்பாளையம் மாணவி: கோர்ஸ் பிழை வருகிறது. நட்சத்திரக் குறி போட்டால் போய்விடும் என்கிறார்கள், போடலாமா?

வேண்டாம்மா. ஒரு தளத்தின் பக்கம் வேறு சர்வரின் பதிலைப் படிக்காமல் பிரவுசர் தடுப்பதுதான் கோர்ஸ் பிழை. நட்சத்திரக் குறி போட்டால் எந்தத் தளத்தின் பக்கமும் உன் ஏபிஐ பதிலைப் படிக்க அது வழிவிடும். டாஷ்போர்டு பக்கத்தையும் அதே சர்வர், அதே போர்ட்டிலிருந்து கொடுத்தால் கோர்ஸ் பிரச்சினையே எழாது. கோ என்ற ப்ரோகிராம் மொழியில் 1.16 பதிப்பு முதல் எம்பெட் வசதி இருக்கிறது, பக்கங்களையும் சேர்த்து ஒரே ஃபைலாக்கிவிடலாம்.

சேரன்மகாதேவி: தரவைச் சேமிக்கும் எஸ்க்யூலைட் 'டேட்டாபேஸ் லாக்டு' (பூட்டியிருக்கிறது) என்கிறது.

எழுதுவது ஒரே த்ரெட்டாக இருக்கட்டும், வால் (WAL) மோடை, அதாவது ஒருவர் எழுதும்போதே மற்றவர் படிக்க விடும் முறையை, ஆன் செய்யுங்கள், பிஸி டைம் அவுட் (பூட்டு விலகக் காத்திருக்கும் நேரம்) ஐந்து விநாடி வையுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாக எழுதினால் எஸ்டி கார்டும் சீக்கிரம் சாகாது.

வள்ளியூர்: தண்ணீர்த் தொட்டி மட்டத்தை விநாடிக்கு நான்கு முறை கேட்கிறேன், சர்வர் திணறுகிறது.

அரை நிமிடத்துக்கு ஒருமுறை கேளுங்கள், போதும். ரூட்டரில் போர்ட் எதையும் திறந்து வைக்கவில்லையே?