வசாகாக் கரையில் ஒரு நாள்: தண்ணீரை யார் பார்ப்பது?

கேள்வி: ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள். ஜூலையில் ஒரு சனிக்கிழமை, அண்ணா குடும்பத்தையும் சேர்த்துப் பதினொரு பேராக ஒன்ராறியோவின் வசாகா பீச்சுக்குப் போக நினைக்கிறோம். பிள்ளைகள் நான்கு பேர். வயது 4, 7, 9, 13. மூத்த இருவரும் நீச்சல் வகுப்புக்குப் போகிறார்கள். அப்பா யாழ்ப்பாணத்துக் காரைநகர்க்காரர். "எங்கள் ஊர்க் கசூரினா கடற்கரையில் எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான். இது வெறும் ஏரி, இதற்கு ஏன் பயப்படுகிறாய்?" என்கிறார். எனக்கு மனம் ஆறவில்லை. அவருக்கு நீரிழிவும் இருக்கிறது. என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?
ஸ்காபரோ வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் அப்பா சொல்வதில் பாதி உண்மை. வசாகாவும் கசூரினாவைப் போல ஆழம் குறைந்த மணற்கரைதான். உலகின் மிக நீளமான நன்னீர்க் கடற்கரை என்று பெயர் பெற்ற 14 கிலோமீட்டர் கரை அது. சின்னப் பிள்ளைகளோடு போக நல்ல இடம். மற்றப் பாதியைத்தான் நீங்கள் அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

அவர் வெறும் ஏரி என்று நினைப்பது ஹூரோன் ஏரியின் ஜோர்ஜியன் குடா. வடமேற்கிலிருந்து காற்று பலமாக வீசினால் அங்கே நல்ல அலை எழும். அந்த அலைகள் நீருக்கடியில் கரையோரமாக மணல் திட்டுகளைக் கட்டி வைத்திருக்கின்றன. ஒரு திட்டுக்கும் அடுத்த திட்டுக்கும் நடுவே பள்ளம். தூரத்தில் பெரியவர்கள் முழங்கால் நீரில் நிற்பதைப் பார்க்கும் ஏழு வயதுப் பிள்ளை, அதுவரை எல்லாம் முழங்கால் நீர்தான் என்று நம்பி நடக்கும். நடுவில் உள்ள பள்ளம் அதன் கழுத்தளவுக்கு இருக்கலாம். அலை உள்ள நாட்களில், திட்டு உடைந்த இடங்கள் வழியாக நீர் வேகமாக உள்ளே திரும்பி ஓடும். அந்த இழுப்பில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, இழுப்புத் தளர்ந்ததும் பக்கவாட்டாக நீந்தி வெளியேற வேண்டும். மூத்த பிள்ளைகள் இருவருக்கும் இதை வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள். நொட்டவசாகா ஆறு ஏரியில் கலக்கும் முகத்துவாரப் பக்கம் யாரும் குளிக்கவே வேண்டாம். அங்கே நீரோட்டமும் உண்டு, படகுகளும் போய்வரும்.

அப்பாவுக்கென்றே ஒரு செய்தி இருக்கிறது. கடல் நீரின் உப்பு உடம்பைத் தாங்கும். நன்னீர் அந்த அளவுக்குத் தாங்காது. காரைநகரில் சிரமமின்றி மிதந்தவர் இங்கே சற்றுத் தாழ்ந்து மிதப்பார், விரைவில் களைத்தும் போவார். நீரும் ஊர்க் கடலைப் போல் வெதுவெதுப்பாக இராது. ஓடிப்போய்ப் பாயாமல், கால், இடுப்பு, நெஞ்சு என்று படிப்படியாக நனையச் சொல்லுங்கள்.

அலையைவிட நான் அதிகம் அஞ்சுவது கரையிலிருந்து ஏரிப் பக்கம் வீசும் காற்றுக்குத்தான். அன்று நீர் கண்ணாடிபோல அமைதியாக இருக்கும். பார்ப்பவருக்கு அதைவிடப் பத்திரமான நாள் இல்லை என்று தோன்றும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு நாளில் என் தங்கையின் மகன் அன்னப்பறவை வடிவ மிதவையில் படுத்திருந்தான். நாங்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மூடிய நேரத்துக்குள் அவன் கூப்பிட்டால் கேட்காத தூரத்துக்குப் போய்விட்டான். கயாக்கில் வந்த முன்பின் தெரியாத இளைஞர் ஒருவர்தான் இழுத்து வந்து சேர்த்தார். அவன் பெயரைக் கத்திக்கொண்டு நான் நீரில் ஓடியதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. கரையில் நின்று ஒரு பிடி உலர்ந்த மணலை மெல்லத் தூவிப் பாருங்கள். மணல் ஏரிப் பக்கம் பறந்தால், அன்று காற்றடித்த மிதவை எதுவும் காரை விட்டு இறங்கக் கூடாது. பிள்ளைகள் அழட்டும். மிதவை விளையாட்டுச் சாமான், உயிர் காக்காது. கைகளில் மாட்டும் காற்றுப் பைகளும் அப்படித்தான். நான்கு வயதுப் பிள்ளைக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கும் அவரவர் எடைக்குப் பொருந்துகிற, கனடாவில் அங்கீகரிக்கப்பட்ட லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காதுவரை ஏறினால் பெரிது.

ஆயத்தங்களில் முதன்மையானது இனித்தான் வருகிறது. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக் கரைகளில் உயிர்காப்பாளர்கள் பணியில் இருப்பதில்லை. வசாகாவிலும் காப்பாற்ற யாரும் இல்லை என்று எண்ணிக்கொண்டே போங்கள். பிள்ளைகள் போக நீங்கள் பெரியவர்கள் ஏழு பேர். ஏழு பேர் இருக்கும் இடத்தில், வேறு யாரோ பார்க்கிறார்கள் என்று ஏழு பேருமே நினைப்பார்கள். அதனால் முறை வையுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருவர், கழுத்தில் ஒரு விசில். விசில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்குப் பேச்சு இல்லை, போன் இல்லை, சாப்பாடு பரிமாறும் வேலை இல்லை. அடுத்தவர் வந்து விசிலை வாங்கி அணிந்த பிறகே அவர் எழும்பலாம். முதல் முறையை அப்பாவுக்குக் கொடுங்கள். கடலோரத்தில் வளர்ந்தவர், அந்தப் பொறுப்பின் அருமை அவருக்குத் தெரியும். இதைத் தவிர, சின்னவர்கள் இருவரும் நீரில் நிற்கும்போது கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் கூடவே நிற்க வேண்டும்.

நீரில் தத்தளிப்பவர் கத்த மாட்டார். வாய் நீர் மட்டத்தில் அமிழ்ந்தெழும்போது கூப்பிட மூச்சு இராது. கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்கும், அசைத்துக் கூப்பிட வராது. தலை பின்னால் சாய்ந்து, சத்தமில்லாமல், ஒரே இடத்தில் செங்குத்தாக நிற்கும் பிள்ளை விளையாடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். உதவப் போகிறவர் வெறுங்கையோடு பாய்வதும் பெரும் ஆபத்து. மிதக்கக்கூடிய எதையாவது, வெறுமையாக்கிய ஐஸ் பெட்டியையாவது எறியுங்கள். இன்னொருவர் 911 அழைக்கட்டும். ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் தேட வேண்டிய இடம் தண்ணீர். ஐஸ்கிரீம் கடையைப் பிறகு பார்க்கலாம்.

உடையையும் சொல்ல வேண்டும். நம் பெண்கள் பலர் சுடிதாரோடும் ஜீன்ஸோடும் இறங்குகிறார்கள். நனைந்த துணி காலைச் சுற்றும், கனத்து இழுக்கும். உடம்பை மூடும் நீச்சல் உடைகள் இப்போது எல்லா அளவிலும் கிடைக்கின்றன. அம்மாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள், அவரும் ஆசையோடு நனையட்டும். பிள்ளைகளுக்கு நீலம், சாம்பல் நிறம் வேண்டாம், நீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. பளிச்சென்ற செம்மஞ்சள் நல்லது.

அப்பாவின் நீரிழிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு நண்பகல் மணல் சுடுவதே தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். நீருக்குள்ளும் கழற்றாத செருப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள். மாலையில் பாதங்களைத் துடைத்து ஒருமுறை உற்றுப் பாருங்கள். இன்சுலின் போடுபவரானால் அதைக் குளிர்ப் பையில் வையுங்கள். ஐஸில் நேரே படக் கூடாது, உறைந்தால் பயன்படாது. கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பதும் பிழையான எண்ணம். காலை 11 முதல் பிற்பகல் 3 வரை எல்லோரும் நிழலில் சாப்பிட்டுப் படுத்திருங்கள்.

விடிந்ததும் புறப்படுங்கள். கோடைச் சனிக்கிழமைகளில் வாகனத் தரிப்பிடம் முற்பகலிலேயே நிறைந்துவிடும். வசாகாக் கரையை எண்ணிட்ட பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நெரிசலாக இருக்கும் முதல் இரண்டு பகுதிகளைவிட, 5, 6 ஆம் பகுதிகள் குடும்பங்களுக்கு அமைதியானவை. முந்தைய நாள் பெருமழை பெய்திருந்தால் குளிக்க வேண்டாம், நீரில் கிருமி கூடியிருக்கும். சிம்கோ மஸ்கோகா சுகாதாரப் பிரிவு வெளியிடும் நீர்த் தர அறிவிப்பையும் காலையில் பாருங்கள். இடி கேட்டால் உடனே காருக்குள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை இறங்காதீர்கள். வேலி போட்ட மணற்பகுதி தெரிந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அழிந்துவரும் சின்னஞ்சிறு கரைப்பறவைகள் அங்கே முட்டையிட்டிருக்கும்.

இத்தனையும் படித்த பிறகு, எழுவரில் நீந்தத் தெரிந்தவர் ஒருவருமில்லை என்று தோன்றினால் தயங்காமல் ரொறன்ரோ வூட்பைன் கரைக்குப் போங்கள். கோடையில் அங்கே உயிர்காப்பாளர்கள் உண்டு. ஒன்ராறியோ ஏரி இன்னும் குளிரும், அவ்வளவுதான்.

வசாகாவுக்கே போவதானால் மாலை ஐந்து மணிக்கு மூட்டை கட்டிவிடாதீர்கள். எல்லோரும் அந்த நேரத்தில் கிளம்பி 400ஆம் நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருப்பார்கள். பிள்ளைகளைத் தலை துவட்டி உடை மாற்றிவிட்டு, எடுத்துப் போன இடியப்பத்தையும் சம்பலையும் அப்போது பிரியுங்கள். மேற்குப் பார்த்த கரை அது. ஜூலையில் ஒன்பது மணியளவில் சூரியன் நீருக்குள் இறங்கும். அம்மாவையும் அப்பாவையும் அதுவரை அங்கேயே இருக்க விடுங்கள்.