மறு: தேன் பெட்டியின் நிறம் மாறியதற்கு நான் பொறுப்பா?

சகோதரிக்கு வணக்கம். மார்த்தாண்டத்துத் தேன் வியாபாரிக்காக நீங்கள் வடிவமைத்த அட்டைப்பெட்டி சிவகாசியில் அச்சாகி வந்தபோது பொன்மஞ்சள் பழுப்பாகிவிட்டது என்றும், பழி முழுவதும் உங்கள் மீதே விழுவதால் இத்தொழிலை விட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விட வேண்டாம். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் நிறம் காட்டுகிறது; அச்சகமோ சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு ஆகிய 4 மைகளால் அதை உண்டாக்குகிறது; நீங்கள் தேர்ந்தெடுத்த பூச்சில்லாத கிராஃப்ட் அட்டை மையை உறிஞ்சுவதோடு தன் பழுப்பையும் அதில் கலந்துவிடும். ஆகவே, கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்லாமல், அச்சிடப்போகும் அதே அட்டையில் மாதிரி எடுத்து, அதன் மேல் வியாபாரியிடம் தேதியுடன் கையெழுத்து வாங்கிய பிறகே அச்சுக்கு அனுமதி கொடுங்கள். மாதிரி காட்டாமல் அச்சிட்டவர்களுக்கும் இந்த இழப்பில் பங்குண்டு என்பதே என் கருத்து.

மாதிரியை நேரில் பார்க்க நாகர்கோவிலிலிருந்து சிவகாசிக்குப் போய்வருவதை வீட்டில் வீண் அலைச்சல் என்பார்கள், எனக்கும் சொன்னார்கள். அந்த நாளுக்கான கூலியை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள், ஏனெனில் அச்சு ஒருங்கிணைப்பு என்பது வடிவமைப்போடு இனாமாகக் கொடுப்பதன்று. மறு அச்சுக்கு முன், அட்டையை வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. வரை நிறம் நீண்டிருக்கிறதா என்பதையும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும், நிகர எடையையும் சரிபாருங்கள்.