குடும்ப நண்பரான முதலீட்டு ஆலோசகரிடமிருந்து முகம் கோணாமல் விலகுவது எப்படி?

"அப்பாவின் நண்பர்தான் பத்து வருஷமாக எங்கள் மியூச்சுவல் ஃபண்டைப் பார்த்துக்கொள்கிறார். ரெகுலர் திட்டத்தில் கட்டணம் அதிகம் என்று இப்போதுதான் தெரிந்தது. டைரக்ட்டுக்கு மாற ஆசை, ஆனால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். (ரெகுலர் என்றால் நடுவில் ஒருவர் மூலம் வாங்குவது, அவர் கமிஷனும் கட்டணத்தில் சேரும். டைரக்ட் என்றால் ஃபண்டு நிறுவனத்திடம் நேராக வாங்குவது.) கணக்கை நீங்கள் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருப்பீர்கள். சந்தேகம் அதில் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். நீங்கள் கேட்டிருப்பது முகத்தைப் பற்றி. எனக்கும் மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான் என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

நான் நீலகிரியில் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில், அதாவது வெடிமருந்துத் தொழிற்சாலையில், வேலை பார்த்து 2016 மே மாதம் ஓய்வு பெற்றவன். எங்கள் பள்ளத்தாக்கில் யார் எந்த மாதம் ஓய்வு பெறுகிறார் என்பது ரகசியமே கிடையாது. ஜி.பி.எஃப்., கிராஜுவிட்டி, லீவு சம்பளம் எல்லாம் மொத்தமாகக் கைக்கு வருகிற மாதம் அது. கழுத்தில் போட்ட மாலை வாடும் முன்பே வாசலில் இரண்டு செருப்பு அதிகமாகக் கிடக்கும். வங்கிக்காரர் ஒரு பாலிசியோடு வருவார், சீட்டுக் கம்பெனிக்காரர் வருவார், பல வருஷமாகப் பேசாத சொந்தக்காரர் ஒரு மனையோடு வருவார்.

இத்தனை பேரில் நான் நம்பியது ஒருவரைத்தான். என்னோடு அதே செக்‌ஷனில் வேலை பார்த்த நண்பரின் மகன். குன்னூரில் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்திருந்தார். என்னை அங்கிள் என்பார், வீட்டில் ஆன்ட்டி என்பார். வரும்போது வர்க்கிப் பொட்டலம் இல்லாமல் வரமாட்டார். 12 லட்சத்தை அவர் கையில் கொடுத்தேன். ஐந்து ஃபண்டில் பிரித்துப் போட்டார். எங்கே கையெழுத்து என்று காட்டினார், போட்டேன். "உங்களுக்கு எவ்வளவு தம்பி?" என்று கேட்டதற்கு, "நீங்க எனக்கு ஒரு பைசா தர வேண்டாம் அங்கிள்" என்றார். அது பொய் இல்லை. நான் என் கையால் தரவில்லை, அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் "ஆலோசகர் எல்லாரும் திருடர்களா?" என்று சிலர் கிளம்புவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. 2020 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் 12,000-ஐத் தாண்டி நின்ற நிஃப்டி, அதாவது ஐம்பது பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீடு, மார்ச் 23 அன்று 7,600 பக்கம் வந்துவிட்டது. ஊரடங்கு வேறு. விற்றுவிட்டு எல்லாவற்றையும் தபால் நிலையத்தில் போட்டுவிடுவோம் என்று முடிவே செய்துவிட்டேன். அந்த வாரம் அந்தத் தம்பி மூன்று முறை போன் செய்தார். "அங்கிள், இந்தப் பணம் உங்களுக்கு இந்த வருஷம் வேணுமா?" என்று ஒரே கேள்வி. வேண்டியதில்லை. பென்ஷன் வருகிறது. அப்போ தொடாதீங்க என்றார். தொடவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் நிஃப்டி பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது. அந்தப் போனுக்கு ஒரு விலை உண்டு, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் எவ்வளவு விலை? அது 2023-இல்தான் தெரிந்தது.

முதலீட்டாளருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை ஒன்று மின்னஞ்சலில் வரும். உங்களுக்கும் வந்திருக்கும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் உத்தரவின்படி 2016 அக்டோபரிலிருந்து அதில் ஒவ்வொரு ஃபண்டுக்கும் நேராக, அதை விற்றுக் கொடுத்த விநியோகஸ்தருக்குப் போன கமிஷன் எத்தனை ரூபாய் என்று போட வேண்டும். அந்தத் திட்டத்தின் சராசரிச் செலவு விகிதமும், அதாவது நம் பணத்தில் வருஷத்துக்கு எத்தனை சதவீதம் செலவுக்கென்று கழிக்கிறார்கள் என்பதும், இருக்கும். ஆறரை வருஷமாக அதைத் திறக்காமலே விட்டிருக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்த மகள் என் போனில் இடம் இல்லை என்று மின்னஞ்சல்களை அழித்துக்கொண்டிருந்தபோது ஒன்றைத் திறந்து, "அப்பா, இது என்ன 11,340?" என்றாள்.

ஆறு மாதக் கமிஷன். அப்போது என் முதலீட்டின் மதிப்பு ஏறக்குறைய 22 லட்சம். வருஷத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். அது அவர் பங்கு மட்டும்தான். ஐந்து ஃபண்டின் செலவு விகிதத்தையும் மகள் கூட்டிப் பார்த்தாள், சராசரி 1.9 வந்தது. 22 லட்சத்துக்கு அது வருஷம் 41,800 ரூபாய், மாதம் மூவாயிரத்து நானூற்றுச் சொச்சம். எங்கள் வீட்டுப் பால், கேஸ், கரண்ட் மூன்றையும் சேர்த்தால்கூட அவ்வளவு வராது. அதே ஃபண்டுகளை டைரக்டாக வாங்கியிருந்தால் சராசரி 0.8. நிஃப்டியில் உள்ள பங்குகளையே அப்படியே வாங்கி வைக்கும் நிஃப்டி 50 குறியீட்டு ஃபண்டின் டைரக்ட் திட்டம் என்றால் 0.2 அளவில்தான். டைரக்ட் திட்டம் 2013 ஜனவரி முதல் தேதியிலிருந்தே நாட்டில் இருக்கிறது. நான் பணம் போட்டது 2016-இல்.

என் மனைவிக்கு இந்தச் சதவீதம் எதுவும் பிடிபடவில்லை என்றுதான் நினைத்தேன். கோத்தகிரிப் பக்கம் அவளுடைய அண்ணனுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. அவள் பிறந்து வளர்ந்ததே இலை மூட்டைக்கு நடுவில். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எங்கண்ணன் நூறு கிலோ இலை போட்டா, ஈரத்துக்குன்னு பத்து கிலோ கழிக்கிறான் ஏஜென்ட். அந்தப் பாவியாவது கழிச்சதைச் சீட்டுல எழுதித் தர்றான்."

அதற்கு மேல் எந்த நிபுணரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஃபண்டின் செலவை வருஷக் கடைசியில் பில் போட்டு வாங்குவதில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிட்டு, மீதியைத்தான் அன்றைய யூனிட் விலை (என்.ஏ.வி.) என்று அறிவிக்கிறார்கள். கழித்த பிறகு உள்ள எடையை மட்டும் பார்த்து நான் ஏழு வருஷம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இலை என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். மச்சான் இன்றைக்குப் போடுகிற இலைக்கு என்ன விலை என்று இன்றைக்கு அவருக்குத் தெரியாது. தேயிலை வாரியம் மாதாமாதம் ஒரு சராசரி விலை அறிவிக்கும். பல மாதங்களில் அது கிலோ 20 ரூபாயைத் தொடுவதே பெரிய பாடு. 30 ரூபாய்க்கு மேல் கொடுத்தால்தான் கட்டும் என்று சிறு விவசாயிகள் உண்ணாவிரதம்கூட இருந்து பார்த்தார்கள். பறிப்புக் கூலி, உரம், மருந்து எல்லாம் ஏறிவிட்டன. விலை தெரியாமல் பொருளைக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் காசுக்கு நிற்கிற தொழில் வேறு எது இருக்கிறது சொல்லுங்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கணக்கு தெரிந்த பிறகும் ஐந்து மாதம் ஒன்றும் செய்யவில்லை. தினம் காலையில் அவருடைய அப்பாவோடுதான் நடைப்பயிற்சி. தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் மலை ரயில் தாண்டிப் போகும்வரை இருவரும் ஒதுங்கி நிற்போம். அந்த நேரத்தில் சொல்லிவிடலாம் என்று பல நாள் நினைத்து, ரயில் போனதும் அரசியலைப் பேசிக்கொண்டே திரும்பிவிடுவேன். பையன் பிழைப்பில் மண் போடுகிறோமோ என்று ஒரு பக்கம். இத்தனை வருஷம் ஏமாளியாக இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டுமே என்று இன்னொரு பக்கம். உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் பெரிது.

என்னைத் தள்ளிவிட்டது வேறொரு சமாச்சாரம். தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2023 ஏப்ரலில் அதன் வரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கினார்கள். அப்போது வட்டி 8.2 சதவீதம். அறுபது வயதில் ஓய்வு பெற்று வருகிற ஒருவனிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். இந்தத் தம்பி ஏழு வருஷத்தில் ஒருமுறைகூட அதன் பெயரை எடுத்ததில்லை. அதை விற்றால் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கிடையாது. 2011 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். இது தெரிந்த அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. 41,800-க்குக்கூட வரவில்லை.

நேராகக் குன்னூர் போனேன். நடுவில் சிம்ஸ் பூங்காவுக்கு வந்த கார்களில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. அந்த நேரத்தில் பேச வேண்டியதை நான்கு முறை ஒத்திகை பார்த்தேன். அலுவலகத்தில் உட்கார்ந்ததும் அதில் பாதி மறந்துபோனது. "தம்பி, இனிமேல் டைரக்டில் போடலாம்னு இருக்கேன்" என்று மட்டும் வந்தது. கமிஷன் பற்றிப் பேசவில்லை. அவரும் கெட்டிக்காரர், கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "சரி அங்கிள். ஆனா அடுத்த தடவை மார்க்கெட் விழும்போது அந்த 0.2 சதவீதக்காரன் உங்களுக்குப் போன் பண்ணுவானா?" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. டீ வந்தது, குடித்துவிட்டு எழுந்தேன்.

மாறிய விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தவறு செய்யாமல் இருக்க உதவும். நான் பதிவு பெற்ற ஆலோசகன் அல்ல, என் அனுபவம்தான். ரெகுலரிலிருந்து டைரக்ட்டுக்கு மாறுவது சட்டப்படி விற்று வாங்குவதுதான். பெயர் ஒன்றாக இருந்தாலும் வரி உண்டு. அதனால் முதலில் மாதாமாதம் போடுகிற எஸ்.ஐ.பி. இருந்தால் அதை நிறுத்திவிட்டுப் புதிய பணத்தை டைரக்டில் தொடங்குங்கள். அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை, வரியும் இல்லை. பழைய யூனிட்டில் ஒரு வருஷம் ஆகாததற்குப் பெரும்பாலும் ஒரு சதவீத வெளியேற்றுக் கட்டணம் பிடிப்பார்கள், வரிச் சேமிப்பு ஃபண்டு என்றால் மூன்று வருஷம் பூட்டு. நான் நிதியாண்டுக்கு ஒன்றாக மூன்று தவணையில் விற்றேன். தொடங்கியபோது வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, மேலே 10 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் அது ஒன்றேகால் லட்சம், 12.5 சதவீதம் ஆகிவிட்டது. முழுவதையும் வரி இல்லாமல் மாற்றப் பார்த்தால் எனக்கு எழுபத்தைந்து வயதாகியிருக்கும். அதனால் கொஞ்சம் வரி கட்டினேன், அழவில்லை. 12 லட்சம் தபால் நிலையத்துக்குப் போனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,600 ரூபாய் வட்டி, அதற்கும் வரி உண்டு. மீதி ஒரே ஒரு நிஃப்டி 50 குறியீட்டு ஃபண்டில், பேரப்பிள்ளைகளுக்கு.

ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் ஆலோசகர் என்று சொல்பவரும் அநேகமாக ஏ.ஆர்.என். எண் வைத்திருக்கும் விநியோகஸ்தராகத்தான் இருப்பார். விற்பதற்குத்தான் அந்த எண். ஆலோசனைக்கு நேரடியாக உங்களிடம் கட்டணம் வாங்குபவர் செபியில் தனியாகப் பதிவு செய்திருப்பார், எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும். தனியாகச் சமாளிக்க முடியாது என்று தோன்றினால் அப்படி ஒருவரிடம் ஒருமுறை காசு கொடுத்துக் கேளுங்கள். "கிழவன் எல்லாரையும் தனியா ஆத்துல இறங்கச் சொல்றான்" என்று யாரும் கருத்துப் போட வேண்டாம்.

தனியாக இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரிந்தது. 2025 ஏப்ரல் 7, திங்கட்கிழமை. அமெரிக்க வரி அறிவிப்பில் நிஃப்டி அன்று ஒரே நாளில் 3 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. நான் கடைசித் தவணையைக் குறியீட்டு ஃபண்டுக்கு மாற்றி முடிக்கவில்லை. காலையிலிருந்து டிவி கத்திக்கொண்டிருக்கிறது. யாரும் போன் செய்யவில்லை. பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் விற்றுவிடுவது என்று போனை எடுத்தேன். விற்க ஓ.டி.பி. வர வேண்டும். எங்கள் வீட்டில் மேகம் இறங்கினால் சிக்னல் போய்விடும். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போய்விட்டது. மொட்டை மாடிக்குப் போனேன். வரவில்லை. தெரு முனையில் சில்வர் ஓக் மரத்தடியில் வழக்கமாக ஒரு கோடு கிடைக்கும், அங்கேயும் குல்லாவோடு போய் நின்றேன். மூன்று முறை அனுப்பச் சொல்லியும் வரவில்லை. இந்த டவர் விஷயமாக இரண்டு வருஷமாகப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன், அது தனிக் கதை. மூன்றாவது முறை நேரம் தீர்ந்தபோது கையும் விறைத்துவிட்டது, கோபமும் இறங்கிவிட்டது. உள்ளே போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் வர்க்கி வாங்கப் போன கடையில் அந்தத் தம்பி நின்றுகொண்டிருந்தார். பேசி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவருடைய அப்பா மட்டும் நடைப்பயிற்சியை நிறுத்தவில்லை. அவரிடம் மகன் சொல்லவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"நேத்து வித்துட்டீங்களா அங்கிள்?" என்றார்.

"ஓ.டி.பி. வரலை தம்பி."

கடை அதிர்கிற மாதிரி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு டீ சொன்னார். காசு நான் கொடுத்தேன்.