லேபில் சேரும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

வணக்கம் அம்மா. இளநிலை இரண்டாம் ஆண்டு உயிர்வேதியியல் படிக்கும் உங்கள் மகளைத் தன் ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்ள ஒரு பேராசிரியர் முன்வந்திருக்கிறார். மகளுக்கு ஒரே சந்தோஷம். உங்களுக்கோ, மதிப்பெண் குறைந்துவிடுமோ, கடைசியில் இதனால் வேலை கிடைக்குமா என்று கவலை. இரண்டுமே நியாயமான கவலைகள்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் இல்லாத வேறொரு கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தப் பேராசிரியரிடம் இதற்கு முன் வேலை பார்த்த இளநிலை மாணவர்கள் எல்லோரும் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

'எல்லோரும்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெரிய பல்கலைக்கழகத்தில் பிஎச்டி சேர்ந்த இரண்டு பேரின் பெயரை எந்த லேபும் முதலில் சொல்லிவிடும். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கும்போதுதான் வழிகாட்டியின் குணம் தெரியும். நல்ல வழிகாட்டி யோசிக்காமல் சொல்வார்: ஒருத்தி மருந்து நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறாள், ஒருவன் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறான், இன்னொருத்தி காப்புரிமைச் சட்டம் படிக்கப் போனாள், ஒருவன் அறிவியலே வேண்டாம் என்று விலகிவிட்டான். இதையெல்லாம் ஒரே குரலில், ஒரே அக்கறையோடு சொல்கிறாரா என்று கவனிக்கச் சொல்லுங்கள். ஆராய்ச்சியில் நீடித்தவர்களை மட்டும் நினைவில் வைத்திருப்பவரிடம் உங்கள் மகள் வேறு வழியில் போக நினைத்தால், அன்றோடு உறவு முடிந்துவிடும்.

இது புதிய சிக்கல் இல்லை. 1856-ல் லண்டனில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த 18 வயது வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கான குயினைன் மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றார். அது அவருடைய ஆசிரியர் ஹாஃப்மனின் யோசனை. விடுமுறையில் வீட்டிலேயே செய்த சோதனையில் குயினைன் வரவில்லை. கறுப்பாக ஒரு கசடுதான் வந்தது. அதை ஆல்கஹாலில் கரைத்தபோது ஊதா நிறம் கிடைத்தது. பட்டில் தோய்த்தால் சாயம் போகவில்லை. பெர்கின் படிப்பை விட்டுச் சாயத் தொழிற்சாலை தொடங்கினார். ஹாஃப்மனுக்கு அதில் துளியும் விருப்பமில்லை, நல்ல மாணவனை ஆராய்ச்சி இழக்கிறது என்று வருந்தினார். ஆனால் சில வருடங்களில் ஹாஃப்மனே சாயங்களை ஆராய்ந்து ஒரு புதிய ஊதாவை உருவாக்கினார். பெர்கினும் தொழில் நடத்திக்கொண்டே ஆராய்ச்சி செய்தார், 1874-ல் தொழிற்சாலையை விற்றுவிட்டு முழுநேரமாக ஆராய்ச்சிக்கே திரும்பினார். மாணவர் எங்கே போய்ச் சேருவார் என்பதை 18 வயதில் யாராலும் கணிக்க முடியாது. நீங்களும் இப்போதே கணிக்க முயல வேண்டாம்.

அப்படியானால் இந்த லேப் அனுபவத்தால் என்னதான் பயன்? இளநிலை மாணவர்களை ஆய்வில் சேர்ப்பதை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 1969-லேயே ஒரு திட்டமாகத் தொடங்கியது. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் அதற்கென்றே நிதி கொடுத்து வருகிறது. இப்படி ஆய்வு செய்த மாணவர்களிடம் பிறகு விசாரித்தபோது பலர் சொன்னது, இது தங்களுக்குப் பொருந்தும் வேலையா என்பது அங்கேதான் தெளிவானது என்பது. 'பொருந்தாது' என்று தெரிவதும் லாபம்தான். அதை இருபது வயதில் தெரிந்துகொள்வது நல்லதா, பிஎச்டியின் நான்காம் ஆண்டில் தெரிந்துகொள்வது நல்லதா, நீங்களே சொல்லுங்கள்.

தினசரி வேலை எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் சில மாதங்கள் பிபெட் (திரவத்தைச் சிறு அளவில் உறிஞ்சி எடுக்கும் கருவி) பிடிப்பது, கரைசல் தயாரிப்பது, அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வது என்றே போகும். பி.சி.ஆர். (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல பிரதிகள் எடுக்கும் முறை) செய்து, அதை டிஎன்ஏவைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும்போது, ஒரு குழியில் மட்டும் டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர் சேர்த்த கலவையை வைப்பார்கள். அங்கே எதுவும் தெரியக்கூடாது. ஒரு நாள் அங்கேயும் மங்கலாக ஒரு பட்டை தெரியும். ஏதோ ஒரு கரைசலில் வேறு டிஎன்ஏ கலந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்துக் குழிகளில் அழகாகத் தெரிகிற பட்டைகளையும் இனி நம்ப முடியாது. இரண்டு வார உழைப்பு போச்சு. அந்த ஜெல்லின் படத்தை ஓரத்தில் வெட்டிவிட்டுக் காட்டுவதா, முழுதாகக் கொண்டுபோய்க் காட்டுவதா? உங்கள் மகள் அங்கே கற்றுக்கொள்ளப் போகிற பெரிய விஷயம் இதுதான். முழுப் படத்தோடு வந்த மாணவியிடம் "சரி, எந்தக் கரைசல் என்று கண்டுபிடிப்போம், வா" என்று உட்காருகிற வழிகாட்டி கிடைத்துவிட்டால், தலைப்பு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

பின்னாளில் எழுதப்படும் பரிந்துரைக் கடிதத்துக்கும் இப்படிப்பட்ட நாட்கள்தான் சரக்கு. 'கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்' என்று யாரைப் பற்றியும் எழுதலாம், அதைப் படிப்பவர் கண்டுகொள்ள மாட்டார். கலப்படம் எந்தக் கரைசலில் இருந்தது என்று தனியாகத் தேடிப்பிடித்தார் என்ற ஒரு வரிக்கு மதிப்பே வேறு. அதனால், மகளுக்கு நேரடியாக வழிகாட்டப் போவது பேராசிரியரா, அவருடைய பிஎச்டி மாணவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் சொல்லிக்கொடுப்பவர் பிஎச்டி மாணவராக இருப்பது சகஜம், அதில் தப்பில்லை. ஆனால் மாதம் ஒரு முறையாவது பேராசிரியரோடு உட்கார்ந்து பேச வாய்ப்பு இருக்க வேண்டும்.

மதிப்பெண் பற்றி: வாரத்துக்கு எத்தனை மணி நேரம், தேர்வுக் காலத்தில் விடுப்பு உண்டா என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. கட்டுரை வெளியானால் பெயர் வருமா என்பதையும் கூச்சப்படாமல் முன்பே கேட்கலாம். தரவைச் சேகரித்ததற்காக மட்டும் பெயர் வந்துவிடாது. கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு இருக்க வேண்டும் என்று பல ஆய்விதழ்கள் எதிர்பார்க்கின்றன. அந்தப் பங்கு தனக்குக் கிடைக்குமா என்பதே அவள் கேட்க வேண்டியது.

ஒரு வேண்டுகோள். பேராசிரியருக்கு நீங்கள் போன் செய்யாதீர்கள். பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேருக்கு மகளே எழுதட்டும், அதில் ஒருவராவது ஆராய்ச்சியை விட்டு விலகியவராக இருக்கட்டும். "உங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரியாது என்று அங்கே சொல்ல முடிந்ததா? வெளியே வந்த பிறகும் பேராசிரியர் உங்களோடு தொடர்பில் இருக்கிறாரா?" என்று இரண்டே கேள்வி கேட்டால் போதும். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், அப்புறம் பாடத்திட்டத்தையும் லேப் நேரத்தையும் சேர்த்து வைத்துப் பேசுவோம்.